சின்ன சரக்கு விமான நிறுவனம்: எதில் சேரலாம்?

வணக்கம். அரிசோனாவில் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பயிற்சியாளராக இருக்கிறேன். போன வாரம் நான் பறந்த மொத்த நேரம் 1,200 மணியைத் தாண்டிவிட்டது. சின்ன வாடகை, சரக்கு விமானங்களுக்கான அமெரிக்க பார்ட் 135 விதிப்படி மேகத்துக்குள் கருவிகளை நம்பிப் பறக்கும் கேப்டனுக்கு இவ்வளவு போதும். பயணிகள் விமானத்துக்குப் பொதுவாக 1,500 வேண்டும். அதுவரை சும்மா காத்திருக்க மனமில்லை.

யூபிஎஸ் கூரியர் பெட்டிகளைச் சுமக்கும் அமெரிஃப்ளைட், ஃபெடெக்ஸுக்குப் பறக்கும் மவுண்டன் ஏர் கார்கோ, இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலாவதில் பீச் 99, பீச் 1900 என்று இரட்டை எஞ்சின் டர்பைன் விமானங்களில் பறந்த மணி நேரம் சேரும். பின்னால் பெரிய நிறுவனங்களுக்குப் போகும்போது அது கைகொடுக்கும் என்று நினைக்கிறேன். இரண்டாவதில் பெரும்பாலும் செஸ்னா கேரவனில்தான் தொடங்க வேண்டியிருக்கும். ஒரே எஞ்சின்.

என் பயம் இறக்கையில் உறையும் பனிதான். அன்று எங்கள் நிலையத்தில் நின்ற ஒரு கேரவனின் இறக்கை விளிம்பில் ஒட்டியிருந்த, காற்றால் உப்பி பனியை உடைத்துத் தள்ளும் கறுப்பு ரப்பரைத் தொட்டுப் பார்த்தேன். ஓரமெல்லாம் ஒட்டுப் போட்டிருந்தது. குளிர்கால விடியலில், பக்கத்தில் துணை விமானி இல்லாமல், இதை நம்பித்தானே ஏற வேண்டும்? பாலைவனத்தில் பழகிய எனக்கு ஐஸ் அனுபவம் அறவே இல்லை.

சரக்கு ஓட்டிய அண்ணன்மாரே, அக்காமாரே, வானிலை சரியில்லை என்று விமானி மறுத்தால் அந்தச் சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டா? சம்பளத்தைவிட எனக்கு இதுதான் முக்கியம். அப்புறம், பயிற்சிச் செலவுக்கு ஈடாக இத்தனை மாதம் வேலையை விடக்கூடாது என்று ஒப்பந்தம் எழுதி வாங்கினால் எத்தனை மாதம் வரை சம்மதிக்கலாம்? அடுத்த வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், தயவுசெய்து சொல்லுங்கள்.