வெளிநாட்டு அட்டையில் வந்த ஆர்டர், மூன்று மாதம் கழித்து சார்ஜ்பேக்: இனி எப்படிக் காத்துக்கொள்வது?

காரைக்குடி ஆச்சி:
அனைவருக்கும் வணக்கம். கண்டாங்கிச் சேலைகளையும் பனை ஓலைக் கொட்டான்களையும் எங்கள் இணையதளத்தின் வழியாக விற்று வருகிறோம். கடந்த பங்குனியில் அமெரிக்க கிரெடிட் கார்டு ஒன்றின் மூலம், ஒரே சேலையில் 12 வேண்டும் என்று ஆர்டர் வந்தது. பணம் உடனே வரவாகிவிட்டதால் மறுநாளே கூரியரில் அனுப்பிவிட்டோம். ஆனி கடைசியில், அட்டைக்கு உரியவர் அதைத் தாம் வாங்கவில்லை என்று தம் வங்கியில் முறையிட்டிருப்பதாக அறிவிப்பு வந்தது. ₹33,600-உம் அதன்மேல் ஒரு கட்டணமும் எங்கள் கணக்கில் பிடிக்கப்பட்டன. வாங்கியவரின் முறையீட்டால் வங்கி இப்படிப் பணத்தைத் திருப்பி எடுப்பதைத்தான் சார்ஜ்பேக் என்கிறார்கள். சரக்கும் போயிற்று, பணமும் போயிற்று. நம் ஊர் அட்டைகளுக்கு ஓ.டி.பி. கேட்கிறதே, இதற்கு ஏன் கேட்கவில்லை? பணம் கொடுத்துவிட்டவரைத் தொலைபேசியில் அழைத்து விசாரிப்பது மரியாதைக் குறைவாகாதா?

ஆத்தங்குடிக் கல் வியாபாரி:
ஆச்சி, வணக்கம். இணையத்தில் அட்டை வழியாகப் பணம் செலுத்தும்போது இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று 2009 ஆகஸ்ட் முதல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது இந்தியாவில் வழங்கப்பட்ட அட்டைகளுக்குத்தான். வெளிநாட்டு வங்கியின் அட்டைக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால், எண்ணும் காலாவதித் தேதியும் பின்பக்கத்து மூன்று இலக்கமும் தெரிந்த எவரும் அதில் வாங்கிவிட முடிகிறது. பணம் வரவாயிற்று என்றால், அந்த அட்டை செல்லுபடியாகிறது, அவ்வளவு தொகைக்கு அதில் இடமிருக்கிறது என்பதுதான் பொருள். அட்டைக்கு உரியவரே வாங்கினாரா என்பதை அது சொல்வதில்லை.

ஆகவே, வெளிநாட்டு அட்டைகளுக்கும் 3டி செக்யூர், அதாவது வாங்குபவர் அட்டைக்கு உரியவர்தானா என்று அட்டை வழங்கிய வங்கியே பார்க்கும் சரிபார்ப்பை, இயக்கித் தருமாறு உங்கள் தளத்தில் அட்டைப் பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனத்திடம் முதலில் கேளுங்கள். அதில் தேறிய ஆர்டரைப் பின்னர் ஒருவர் ‘நான் வாங்கவில்லை’ என்று மறுத்தால், அந்த நட்டம் பெரும்பாலும் அட்டை வழங்கிய வங்கியைச் சேரும். ஆனால் ‘சரக்கு வந்து சேரவில்லை’, ‘சொன்னபடி இல்லை’ என்ற முறையீடுகளுக்கு அந்தக் காப்பு கிடையாது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் அட்டைகளுக்கு, வாங்குபவர் எழுதிய முகவரியின் எண்களும் அஞ்சல் குறியீடும் வங்கியிடம் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் வசதியும் உண்டு.

மரியாதைக் குறைவு பற்றிக் கேட்டீர்கள். நிறத்தையும் முந்தானையையும் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் ஒரே சேலையில் 12 எடுப்பவரை அழைத்து விசாரிப்பதில் தவறே இல்லை. மெய்யாக வாங்கியவர் மகிழ்ச்சியோடு பேசுவார். என் தொழிலில் இன்னொரு தந்திரம் உண்டு. நாங்கள் விற்கும் தரைக்கற்கள் கனமானவை என்பதால், ‘லாரிக் கூலியையும் சேர்த்து என் அட்டையில் எடுத்துக்கொண்டு, அந்தக் கூலியை மட்டும் என் ஏஜெண்டுக்கு ரொக்கமாக அனுப்பிவிடுங்கள்’ என்று எழுதுவார்கள். அப்படி அனுப்பினால் ரொக்கம் அன்றே போய்விடும், அட்டைப் பணம் மூன்று மாதத்தில் திரும்பிப் போய்விடும். நாங்கள் கல்லைக் கையால் வார்த்துத் தண்ணீரில் ஊற வைத்துக் கொடுப்பதற்குள் நாட்கள் ஓடிவிடுவதால், விசாரிக்கத் தானாகவே அவகாசம் கிடைக்கிறது. உங்கள் சரக்கோ மடித்துத் தயாராக இருக்கிறது. ஆகவே பெரிய தொகைக்கான வெளிநாட்டு ஆர்டர்களையாவது இரண்டு நாள் நிறுத்தி வைப்பது என்று நீங்களே விதி செய்துகொள்ள வேண்டும். பணம் செலுத்திய பின்பு அனுப்பும் முகவரியை மாற்றச் சொன்னால், அந்த ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திருப்பிவிட்டு, புதிதாக ஆர்டர் செய்யச் சொல்லுங்கள்.

பெட்டியடி:
திருட்டே இல்லாமலும் சார்ஜ்பேக் வரும். எங்கள் பலகாரக் கடையின் வங்கிக் கணக்கு பாட்டையாவின் விலாசத்தில், அதாவது தொழிலுக்குப் பெயராக வழங்கிய மூன்று தலைப்பெழுத்துகளில் இருந்தது. அட்டைக் கணக்கு அறிக்கையிலும் அந்த எழுத்துகளே அச்சாகி வந்தன. ஒரு காலத்தில் பர்மா வரை செல்லுபடியான விலாசம்தான் என்றாலும், சிங்கப்பூரில் தேன்குழல் வாங்கிய பெண்மணிக்கு அது யாருடையது என்று எப்படித் தெரியும்? வங்கியில் முறையிட்டுவிட்டார். அறிக்கையில் கடையின் பெயரே தெரியும்படி மாற்றிய பிறகு அந்தத் தொல்லை விட்டது.

காரைக்குடி ஆச்சி:
மிக்க நன்றி. இப்போது வந்திருக்கும் முறையீட்டை முடித்துவிட, அந்த அட்டைக்கே பணத்தை நானாகத் திருப்பிவிடலாமா? கூரியர் ரசீது என்னிடம் இருக்கிறது.

தேவகோட்டைக் கணக்கர்:
வேண்டாம். முறையீடு பதிவாகி உங்களிடம் பணம் பிடிக்கப்பட்ட பிறகு நீங்களும் தனியே திருப்பினால், ஒரே தொகையை இருமுறை இழக்க நேரிடும். குறித்த நாளுக்குள் பதில் தராவிட்டால் தோற்றதாகவே கொள்வார்கள் என்பதால், ஆர்டர் விவரம், வாங்கிய கணினியின் ஐ.பி. முகவரி (அது இணையத்தில் இணைந்த எண்), கடிதப் போக்குவரத்து, கூரியர் ரசீது ஆகிய அனைத்தையும் தேதி வரிசைப்படி ஒரே கோப்பாக அனுப்புங்கள். ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: 3டி செக்யூர் இல்லாமல், அட்டைக்குரியவரின் முகவரி அல்லாத வேறிடத்திற்குப் போன பொட்டலம் என்றால், சரக்குச் சேர்ந்ததற்கான ரசீது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. யாரோ ஒருவர் பெற்றுக்கொண்டார் என்பதைத்தான் அது காட்டும்.

பழைய வாடிக்கையாளரே வாங்கிவிட்டு மறுத்தால் நிலைமை வேறு. விசா அட்டை நிறுவனம் 2023 ஏப்ரலில் கொண்டுவந்த விதியின்படி, அதே அட்டையில் 120 நாளுக்கு முன்பும் ஓராண்டுக்குள்ளும், முறையீடு ஏதுமின்றி முடிந்த இரண்டு விற்பனைகளைக் காட்டி, ஐ.பி. முகவரி அல்லது கருவி அடையாளத்தோடு இன்னொரு விவரமும் ஒத்திருப்பதை மெய்ப்பித்தால், ‘நான் வாங்கவில்லை’ என்ற வாதம் நிற்காது. ஆகவே பழைய ஆர்டர் விவரங்களை அழித்துவிடாதீர்கள். அதற்காக அட்டை எண்ணைக் குறித்து வைக்க வேண்டாம். 2022 அக்டோபர் முதல் கடைக்காரர்கள் அதைச் சேமித்து வைக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை.

காரைக்குடி ஆச்சி:
பதிலை இன்றே அனுப்பிவிட்டேன். நேற்று இரவு இன்னொரு வெளிநாட்டு அட்டையில் 8 சேலைகளுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. பொட்டலம் கட்டாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். கொடுத்திருக்கும் எண்ணுக்கு மூன்று முறை அழைத்தும் யாரும் எடுக்கவில்லை.