உள்ளி பல் பிரியவில்லை, உரம் போதாதா?

கல்லடி வளவு:
எங்கள் வளவு முழுக்க மணல். மாரி ஓய்ந்ததும் தையில் பாத்தி கட்டி, மாட்டெருவும் தும்புத்தூளும் கலந்து, கடையில் வாங்கிய உள்ளியில் முளைவிட்ட பற்களை நட்டேன். தாள் நன்றாக வளர்ந்தது. இப்போது நுனி மஞ்சளாகிறது என்று ஒன்றைப் பிடுங்கினால், உள்ளே உருண்டையாக ஒரே பல். பக்கத்துப் பாத்தியில் அதே எருவுக்குச் சின்ன வெங்காயம் கொத்துக்கொத்தாக வந்திருக்கிறது. தங்கச்சிக்கு ஆவணியில் பிள்ளை கிடைக்கும். பால்சுறாக் கறிக்கு வீட்டு உள்ளியே போட வேண்டும் என்று ஆசை. என்ன செய்யலாம்?

ஏறாவூர் தோட்டம்:
மணலில் சத்து நிற்காது அக்கா. கொஞ்சம் யூரியா போட்டுப் பாருங்கள்.

ஆரையம்பதி:
யூரியா வேண்டாம் மகள், தாள்தான் இன்னும் கூடும். நான் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன். இந்தக் கேள்வி எல்லா வருஷமும் வரும். உங்கள் மண்ணிலும் எருவிலும் குறை இல்லை. ஒரு பல் பல பல்லாகப் பிரிய, முதலில் 10 பாகைக்குக் குறைந்த குளிர் ஆறேழு கிழமை வேண்டும், பிறகு நீண்ட பகல் வேண்டும். மட்டக்களப்பில் மார்கழி இரவுகூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆனியிலும் பகல் ஏறத்தாழ 12½ மணித்தியாலம்தான். இரண்டும் கிடைக்காத உள்ளி இப்படி ஒற்றைப் பல்லாக நின்றுவிடும். சின்ன வெங்காயத்துக்கு அந்தக் குளிர் தேவையில்லை. உள்ளி நடுகிறவர்கள் வெலிமடை, நுவரெலியா என்று மலைப்பக்கம்தான் இருக்கிறார்கள். நம் கடைகளுக்கு வருவதும் பெரும்பாலும் சீனா, இந்தியா உள்ளிதான்.

அந்த ஒற்றைப் பல்லை எறியாதீர்கள். மணம் இருக்கும், உரிக்கவும் சுகம். ஆனால் இந்த ஊரில் உள்ளியைத் தாளுக்காக வளர்ப்பதுதான் லாபம் என்பேன். கிழங்குக்குக் காத்திருந்தால் மூன்று நான்கு மாதம் தண்ணீர் ஊற்ற வேண்டும். தாள் என்றால் மூன்று நான்கு கிழமையில் கறிக்கு வந்துவிடும்.

காத்தான்குடி சமையல்:
ஐயா சொல்வது சரிதான். ஆனாலும் நான் பற்களைக் கடதாசிப் பையில் போட்டு, கார்த்திகையிலிருந்து இரண்டு மாதம் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து நட்டேன். சிலவற்றில் இரண்டு மூன்று பல் பிரிந்தது, எல்லாம் பொடிசு. பாத்தியில் நட்டவை பின்மழையில் தண்ணீர் நின்று அழுகிவிட்டன. சாக்கில் நட்டவைதான் தப்பின. ஆசைக்கு ஒரு சாக்கில் வைக்கலாம். அதை நம்பிக் கறி வைக்க முடியாது.

கல்லடி வளவு:
அப்படியென்றால் கறிக்குக் கடையில் வாங்குகிறேன். மிச்சப் பற்களைத் தாளுக்கே நடுகிறேன். எவ்வளவு நெருக்கமாக ஐயா? எங்கே வெட்டுவது?

ஆரையம்பதி:
தாளுக்கு என்றால் இரண்டு விரல் இடைவெளி போதும். கூர்முனை மேலே பார்க்கட்டும். இந்த வெயிலுக்கு முருங்கை நிழல் விழும் இடமாகப் பாருங்கள். ஒரு சாண் வளர்ந்ததும் அடியில் இரண்டு விரல் விட்டு வெட்டுங்கள், நடுக்குருத்தைத் தொடாதீர்கள். திரும்பத் துளிர்க்கும். இரண்டாம் வெட்டுக்குப் பிறகு மெலிந்துவிடும், அப்போது புதுப் பல் நடுங்கள்.