மிச்ச ரத்தத்தை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா?

சிப்புட்_அக்கா:
போன வருஷம் தம்பிக்கு என் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தேன். இப்போது கிளினிக்கில் அவனிடம் ஒரு சம்மதப் பாரம் (படிவம்) கொடுத்திருக்கிறார்கள். பரிசோதனையில் மிஞ்சும் ரத்தம், சிறுநீர், பயாப்சித் துண்டு எல்லாம் உயிரி வங்கிக்கு, அதாவது ஆராய்ச்சிக்காக மாதிரிகளைச் சேமித்து வைக்கும் இடத்துக்குப் போகுமாம். மருத்துவ விவரங்கள் ஆராய்ச்சித் தரவுத்தளத்துக்கு. தம்பி சரி என்கிறான், அப்பா வேண்டாம் என்கிறார். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் யாராவது கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா?

பழைய_கிராணி:
போடாதே தங்கச்சி. தோட்டத்தில் செக்ரோல், அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேடு எழுதியவன் நான். நம் ஆட்கள் பெயர் புத்தகத்தில் ஏறினால் அது யாருக்கு லாபம் என்று தெரியும். 1969இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில், ரத்தச்சோகை ஆராய்ச்சி என்று இந்தியப் பெண்களுக்குக் கதிரியக்க இரும்பு கலந்த சப்பாத்தி கொடுத்தார்கள். பலருக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாது. ஊருக்குத் தெரிய வந்தது கால் நூற்றாண்டு கழித்து.

மாற்று_கிட்னி:
அண்ணே, அது உடம்புக்குள் போட்டது. இது வெளியே எடுத்ததில் மிச்சம், சாக்கடைக்குப் போவது.

என் கதையைக் கேளுங்கள். ஆபரேஷன் முடிந்ததும், புதுச் சிறுநீரகத்தை உடல் ஒதுக்காமலிருக்க டாக்ரோலிமஸ் என்ற மருந்து கொடுத்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறவே இல்லை, டோஸைக் கூட்டிக்கொண்டே போனார்கள். சிஒய்பி3ஏ5 என்ற மரபணு சிலருக்கு அந்த மருந்தை வேகமாகக் கரைத்துவிடுமாம். அவர்களுக்கு ஆரம்ப டோஸே ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வேண்டும். ஐரோப்பியர்களில் இப்படிப்பட்டவர்கள் குறைவு, நம்மில் அதைவிட அதிகம். இங்கிலாந்தின் பெரிய உயிரி வங்கியில் 5 லட்சம் பேர். அதில் நூற்றுக்கு 94 பேர் வெள்ளையர். நாம் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் நமக்கான டோஸ் யாருக்குத் தெரியும்?

லேப்_வாசல்:
உள்நாட்டிலும் இருக்கிறது. யுகேஎம் பல்கலைக்கழகம் நடத்தும் மலேசியன் கோஹோர்ட் என்ற சுகாதார ஆய்வில் 2006 முதல் 2012 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்தார்கள், இந்தியர்கள் உட்பட. ஆனால் அது பொதுமக்களுக்கானது. மாற்றுச் சிறுநீரகம் ஏன் சிலருக்கு மட்டும் சீக்கிரம் பழுதாகிறது என்று பார்க்க, மாற்றிக்கொண்டவர்களின் மாதிரியே வேண்டும். மாதிரியில் பெயர் இருக்காது, குறியீட்டு எண்தான். மைனஸ் 80 டிகிரியில் கிடக்கும்.

பழைய_கிராணி:
குறியீடாம்! பேராக், 34 வயது, அக்கா கொடுத்த கிட்னி என்று சொன்னால் போதும், சிப்புட் பாசாரில் மீன் விற்பவரே பெயரைச் சொல்லிவிடுவார். இன்னொன்று: நம் நாட்டின் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. அரசாங்கத்திடம் இருக்கும் விவரம் வெளியே போனால் எந்தச் சட்டத்தைக் காட்டுவாய்?

மாற்று_கிட்னி:
எனக்குக் கிட்னி மாற்றியது ஊருக்கே தெரியும்லா, கோயிலில் மைக்கில் சொல்லிப் பூஜை வைத்தார்கள். ஒளிக்க என்ன இருக்கிறது?

லேப்_வாசல்:
உங்களுக்கு இல்லை, கொடுத்தவருக்கு இருக்கலாம். மாற்றிக்கொண்டவரின் ரத்தத்தில், கொடுத்தவரின் டிஎன்ஏ துணுக்குகளும் மிதக்கும். சிறுநீரகம் அடிபடும்போது அவை கூடும், அதை வைத்தே உடல் அதை ஒதுக்குகிறதா என்று சோதிக்கிறார்கள். அதனால் தம்பியின் குழாயில் அக்காவும் இருக்கிறார். குடும்பத்து மாதிரிகளை ஒப்பிட்டால், யார் யாருக்குப் பிறந்தவர் என்பதுகூடத் தெரிந்துவிடும். அப்புறம், பின்னால் வேண்டாம் என்றால் மிச்ச மாதிரியை அழிக்கச் சொல்லலாம். ஆனால் ஏற்கெனவே ஆய்வில் சேர்ந்த முடிவுகளைப் பொதுவாகத் திரும்ப எடுக்க முடியாது.

சிப்புட்_அக்கா:
இதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லை. பாரத்தில் கொடுத்தவருக்கு ஒரு வரிகூடக் கிடையாது. மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கிறது, அப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். கொடுக்க எனக்கு ஆட்சேபம் இல்லை. என் கையெழுத்துக்கும் இடம் கேட்கப் போகிறேன், வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போகுமா என்றும். பதில் வரும்வரை தம்பி காத்திருக்கட்டும்.

மாற்று_கிட்னி:
காத்திருங்கள், ஆனால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள் அக்கா.

பழைய_கிராணி:
கிழித்துப் போடு தங்கச்சி.