எறிகணை விழுந்த வயலில் விளையும் நெல்லில் பார உலோகம் சேருமா?

பரந்தன் கமக்காரன்:
வணக்கம். இரணைமடுக் குளத்து நீரில் பெரும்போகமும், நீர் கிடைக்கும் ஆண்டுகளில் சிறுபோகமும் செய்கிறோம். கோதுமைப் பயிர் மண்ணிலுள்ள கட்மியத்தையும் ஈயத்தையும் உறிஞ்சி மணியில் சேர்க்கிறது என்று அண்மையில் வாசித்தேன். இங்கே கோதுமை விளைவதில்லை. பாணுக்கான கோதுமையெல்லாம் கப்பலில்தான் வருகிறது. ஆனால், மீள்குடியேறி முதன்முதலாக உழுதபோது எறிகணைத் துண்டுகள் கிளம்பிய மண் எங்களுடையது. அந்த உலோகம் நெல்லிலும் ஏறுமா? பசளையாலும் ஏறும் என்கிறார்களே, அது உண்மையா?

மண்ணியல் மாணவி:
ஐயா, ஈயத்தையும் கட்மியத்தையும் ஒன்றாக எண்ண வேண்டாம். எறிகணையின் உறை பெரும்பாலும் உருக்கு, அது துருவாகிவிடும். ஈயம் இருப்பது துப்பாக்கிச் சன்னங்களில். அதுவும் களியிலும் சேதனப் பொருளிலும் இறுகப் பிடித்துக்கொள்வதால், வேருக்குள் நுழையும் சிறு பங்குகூடப் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடுகிறது. ஈயத்தில் நான் அஞ்சுவது நெல்மணியை அல்ல, மண் ஒட்டிய கீரையையும் கிழங்கையும் பிள்ளைகளின் கைகளையும்தான். ஆகவே காவலரண் இருந்த இடத்தில் கீரைப்பாத்தி போடாதீர்கள்.

கட்மியத்தின் இயல்பு வேறு. நெல்வேர் மங்கனீசை உள்ளெடுக்கும் அதே வழியால் இதுவும் நுழைந்து மணிவரை செல்லும். கோதுமையிலும் பாண் கோதுமையைவிடப் பாஸ்தாவுக்கான துரும் கோதுமை இதைக் கூடுதலாகச் சேர்க்கும். கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தர அமைப்பின் கட்மிய வரம்பு கிலோவுக்குக் கோதுமையில் 0.2 மில்லிகிராம், தீட்டிய அரிசியில் 0.4 மில்லிகிராம். பசளை பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மையே: படிவுப்பாறைப் பொஸ்பேற்றிலிருந்து செய்யப்படும் ரி.எஸ்.பி. (ட்ரிப்பிள் சுப்பர் பொஸ்பேற்று) பசளையில் கட்மியம் இருக்கக்கூடும். அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் வெட்டியெடுக்கும் பொஸ்பேற்று தீப்பாறை வகையைச் சேர்ந்ததால் அதில் கட்மியம் குறைவு. ஆனால் மெதுவாகக் கரைவதால் குறுகிய வயது நெல்லுக்கு அது உதவாது.

நெடுங்கேணியான்:
தங்கை சொன்னதோடு தண்ணீரையும் சேர்க்க வேண்டும். நீர் தேங்கிய வயலில் கட்மியம் சல்பைட்டாகிக் கரையாமல் கிடக்கும். வயல் காய்ந்து காற்று நுழைந்தால் மீண்டும் கரைந்து வேருக்குக் கிடைக்கும். சிறுபோகக் கடைசியில் முறைவைத்து விடும் குளத்துத் தண்ணீர் பிந்தி, பால் பிடிக்கும் பருவத்தில் வயல் வெடிப்பதுதான் இதில் மோசமான நிலை. அதற்காக முழுப்போகமும் நீரைக் கட்டிவைத்தால் ஆசனிக் கூடுதலாகக் கரையும் என்பதால், கதிர் வரும் காலத்தில் மட்டும் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்வதே நடுவழி. மண் புளித்தாலும் கட்மியம் கரையும். யூரியாவையும் அமோனியம் சல்பேற்றையும் ஆண்டுக்கணக்கில் இட்டால் மண் புளிக்கும்.

ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரை மக்களுக்கு வந்து, 1968இல் அரசு ஏற்றுக்கொண்ட 'இட்டாய் இட்டாய்' என்ற கட்மிய நச்சு நோய்க்குக் காரணம் கமியோக்காச் சுரங்கக் கழிவு கலந்த நீர் பாய்ந்த நெல்வயல்கள். நம்முடைய வயல்களுக்கு மேலே அப்படியொரு சுரங்கம் இல்லை.

பரந்தன் கமக்காரன்:
இருவருக்கும் நன்றி. வவுனியாப் பக்கத்துச் சிறுநீரக நோய்க்கும் கட்மியம்தான் காரணமா?

மண்ணியல் மாணவி:
அந்த நோய்க்கு ஒரே காரணம் இதுதான் என்று இதுவரை நிறுவப்படவில்லை. கட்மியம் சந்தேகிக்கப்பட்டவற்றுள் ஒன்று மட்டுமே. நீங்கள் முதலில் மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். பெறுமானத்தைப் பாருங்கள். 6.5 அளவில் இருந்தால் புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. உழும்போது இன்னும் ஏதாவது இரும்பு தட்டுப்பட்டால் கையால் எடுக்காமல், கண்ணிவெடி அகற்றுவோருக்கு அறிவியுங்கள்.