சீனாவுல அதிபர் பெருசா, கட்சி செயலாளர் பெருசா?

தக்கலைக்காரன்: நேத்து வடசேரி பஸ்ஸ்டாண்டு டீக்கடையில ஒரே தர்க்கம், ஷி ஜின்பிங் அதிபரா இருக்கதுனால தான் எல்லாம் அவரு கையிலன்னு ஒருத்தரு, இல்ல கட்சி தான்னு இன்னொருத்தரு, எனக்கு ஒண்ணும் மனசிலாகல்ல. வெவரம் தெரிஞ்சவிய சொல்லுங்க.

குளச்சல் காத்து: அதிபர் பதவி அலங்காரத்துக்காக்கும் மக்கா. கட்சி பொதுச்செயலாளரு, ராணுவ கமிஷன் தலைவரு, இந்த ரெண்டுல தான் அதிகாரம் கெடக்கு. ஷிக்கு 2012 நவம்பர்லயே கட்சியில அது ரெண்டும் கெடச்சாச்சு, அதிபரானது 2013 மார்ச்ல தான். மாகாணத்துலயும் இதே கதை, கவர்னருக்கு மேல கட்சி செயலாளரு. அட, 80கள்ல நாட்டையே நடத்துன டெங் சியாவ்பிங் ஒருநாளும் அதிபரா இருந்ததில்ல.

மார்த்தாண்டம் அக்கா: அப்பம் 2018ல அதிபருக்கு ரெண்டு தடவைங்குற வரம்ப எதுக்கு எடுத்தாவ? அலங்காரம்னா விட்டுர வேண்டியது தானே.

குளச்சல் காத்து: நல்ல கேள்வி எக்கா. பொதுச்செயலாளருக்கு வரம்பே கெடயாது, அதிபருக்கு மட்டும் இருந்தா 2023ல ஆளு மாறணும், மூணும் ஒரே கையில நிக்காது பாத்தியளா. வரம்ப எடுக்க சீன நாடாளுமன்றத்துல விழுந்த ஓட்டு, ஆதரவு 2,958, எதிர்ப்பு 2. அந்த ரெண்டு பேரு நெஞ்சுறுதிய நெனச்சா தான் எனக்கு ஆச்சரியம்.

தக்கலைக்காரன்: செரி, இன்னைக்கு டீ அதிபர் தான் பெருசுன்னவரு காசு 😄