வேலூர் வெயிலில் லெப்பர்ட் கெக்கோ வளர்க்கலாமா?

சத்துவாச்சாரி வீடு:
வணக்கம். மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஆறு மாதமாக லெப்பர்ட் கெக்கோ வேண்டும் என்று ஒரே பேச்சு. பெயரைக் கேட்டதும் பயந்தேன். படத்தைப் பார்த்தால் புள்ளி போட்ட மஞ்சள் பல்லி. சென்னையில் வளர்ப்பவர் ஒருவரிடம் குட்டி இருக்கிறதாம். முழுப் பரீட்சை முடிந்ததும் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டேன். நாங்கள் மாடியில், மாமனார் மாமியார் கீழே. பல்லி மேலே விழுந்தால் ஆகாது என்று மாமியாருக்குக் கவலை. வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டை அகழி:
தாராளமாக வாங்குங்கள் அக்கா. ஐந்து வருடமாக ஒன்று வைத்திருக்கிறேன். மாமியாரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: இதன் விரலில் ஒட்டும் பட்டை கிடையாது. சுவரும் ஏறாது, கண்ணாடியும் ஏறாது, அதனால் யார் தலையிலும் விழ வழியில்லை. வீட்டுப் பல்லிக்கு இல்லாத இமை இதற்கு உண்டு, கண்ணை மூடித்தான் தூங்கும். மூன்றடி நீளத் தொட்டி, ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று இடம், தண்ணீர்க் கிண்ணம் போதும். வெயிலுக்குப் பயப்பட வேண்டாம். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்து வறண்ட நிலத்துப் பிராணி அது. நம் ஊர்ச் சூடு அதற்குப் பழக்கம்தான்.

ஜவ்வாது அடிவாரம்:
அண்ணா, வெயில் பற்றிச் சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அந்த ஊரில் அது பகல் வெயிலில் நிற்பதே இல்லை. பாறை இடுக்கிலும் வளையிலும் படுத்திருந்து, அந்தி சாய்ந்த பிறகுதான் வெளியே வரும். வளைக்குள் கிடைக்கும் குளிர்ச்சி மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் கண்ணாடிப் பெட்டியில் எங்கே கிடைக்கும்? தொட்டியின் ஒரு பக்கத் தரை 32 டிகிரி, மறுபக்கம் 25, 26 இருக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40ஐத் தாண்டும், மாடி அறை ராத்திரி பத்து மணிக்கும் கொதிக்கும். இரண்டு பக்கமும் 37 என்றால் அது எங்கே போய் ஒதுங்கும்?

போன மே மாதம் நண்பர் வீட்டில் ஒன்று இப்படித்தான் செத்தது. இரண்டு நாள் வெளியூர் போயிருந்தார்கள், ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. வாயைத் திறந்தபடி தண்ணீர்க் கிண்ணத்தில் கிடந்தது. நான்தான் புதைத்தேன். இந்த ஊருக்கு வேண்டாம் அக்கா.

கோட்டை அகழி:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. நான் சொன்னது தப்பு. என் வீடு பழைய மெட்ராஸ் டெரஸ், செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட கனமான கூரை, அதிலும் கீழ்த்தளம், அதனால் எனக்கு அந்தச் சூடு தெரியவில்லை. ஆனால் வேண்டவே வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இணையத்தில் எல்லாரும் தொட்டியைச் சூடாக்கத்தான் சொல்லித் தருகிறார்கள், அதெல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது. நமக்கு வேலையே குளிர வைப்பதுதான். தொட்டிக்கு அடியில் சூடு தரும் ஹீட் மேட்டை நான் போடுவது கார்த்திகை, மார்கழி, தையில் மட்டும், அதுவும் சூடு அளவு மீறாமல் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டோடு. மாசி பிறந்தால் கழற்றிவிடுவேன். அப்புறம் வாய் ஓரம் உடைத்த மண்சட்டியைக் கவிழ்த்து, வெளியே தண்ணீர் தெளித்து வைப்பேன். பானைத் தண்ணீர் குளிர்வது மாதிரி உள்ளே குளிரும், பகல் முழுக்க அதற்குள்ளேயே கிடக்கும்.

தோல் உரிக்கவும் அந்த ஈரம் வேண்டும். இல்லாவிட்டால் பழைய தோல் விரல் நுனியில் மோதிரம் போல இறுகி, ரத்தம் போகாமல் விரலே உதிர்ந்துவிடும். தரைக்கு மணல் வேண்டாம், பூச்சியோடு சேர்த்து விழுங்கினால் குடல் அடைக்கும். டிஷ்யூ பேப்பர் போதும்.

பாலாற்றங்கரை:
சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. இது பழம், கீரை தொடாது. உயிருள்ள பூச்சிதான் வேண்டும்: சுவர்க்கோழி, மீல்வார்ம் என்கிற வண்டுப் புழு, டூபியா என்கிற கரப்பான் வகை. வயலில் பிடித்துப் போடாதீர்கள், மருந்தடித்த பூச்சியாக இருக்கும். பூச்சியைக் கால்சியம் பொடியில் புரட்டித்தான் போட வேண்டும். நான் முதல் வருடம் அதில் அலட்சியமாக இருந்துவிட்டேன். தாடை ரப்பர் போல வளைந்துவிட்டது. இங்கே பார்த்த டாக்டருக்கு மாடும் நாயும்தான் பழக்கம். ஒரு டப்பாவில் வைத்துச் சென்னைக்கு 140 கிலோமீட்டர் கொண்டு போனேன். பிழைத்துக்கொண்டது, தாடைக் கோணல் மட்டும் நிற்கிறது. தம்பி அதைத் தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், சால்மோனெல்லா என்கிற வயிற்றுப்போக்குக் கிருமி தொற்றலாம்.

ஜவ்வாது அடிவாரம்:
அண்ணாவின் மண்சட்டி நல்ல யோசனைதான். அது கீழ்த்தளத்துக்குச் சரி, மாடிக்குப் போதாது. இன்னும் இரண்டு விஷயம். இதன் சொந்தக்கார இனங்கள் நம் கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு, 2022ல்கூட ஆந்திரா, ஒடிசா பக்கத்திலிருந்து ஒன்றைப் புதிய இனமாக அறிவித்தார்கள். காட்டில் பிடித்த ஒன்று உங்கள் கைக்கு வந்துவிடக் கூடாது. எங்கே பிறந்தது, ரசீது உண்டா என்று கேளுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தையும் 2022ல் திருத்தியிருக்கிறார்கள், வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது, நன்றாக வைத்தால் 15, 20 வருடம் இருக்கும். தம்பிக்கு இப்போது 13 இருக்குமா? ஐந்து வருடத்தில் ஹாஸ்டலுக்குப் போய்விடுவான். அப்புறம் கரப்பான் டப்பாவைத் திறக்கப் போவது யார்?

சத்துவாச்சாரி வீடு:
எல்லாருக்கும் நன்றி. தெர்மாமீட்டர் வாங்கி இரண்டு நாள் பார்த்தோம். மதியம் மூன்று மணிக்கு மகன் அறையில் 38. கீழே மாமியார் அறையில் 31. சுவர் ஏறாது என்று தெரிந்ததும், என் கட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொள் என்று அவரே சொல்லிவிட்டார்.

இப்போது வாங்கவில்லை. ஐப்பசி மழை பிறக்கட்டும். அதுவரை தவிட்டு டப்பாவில் மீல்வார்ம் வளர்த்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன், கேரட் வெட்டிப் போடுவது அவன் பொறுப்பு. ஹாஸ்டல் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. அவன் போனால் நான்தான் பார்க்க வேண்டும், புழுவை என் கையால் இன்னும் தொட்டதில்லை.

ஜவ்வாது அடிவாரம்:
மே முழுக்க அந்தக் கீழ் அறையில் தெர்மாமீட்டரை வைத்து, மதியமும் ராத்திரியும் குறித்து வையுங்கள் அக்கா. ஈரச் சட்டிக்குள்ளேயும் வைத்துப் பாருங்கள். உள்ளே 28க்குக் கீழே நின்றால் நானே வந்து தொட்டி அமைத்துத் தருகிறேன். நிற்காவிட்டால் என் பதில் பழைய பதில்தான்.