ஊர் வீட்டுச் சில்லறை வேலைகள்: எல்லாவற்றுக்கும் ஒரே ஆள் போதுமா?

கண்டனூர்ப் புள்ளி:
செட்டிநாட்டுக் கண்டனூரில் நாங்களும் ஒரு புள்ளியாக, அதாவது பங்குக் குடும்பமாக, உள்ள பழைய வீட்டில் வைகாசியில் அப்பாவின் மணிவிழா நடக்கவிருக்கிறது. அதற்குள், அட்டைப்பெட்டியில் பிரித்துப் போட்டு வந்திருக்கும் இரண்டு அலமாரிகளைக் கோத்து நிறுத்த வேண்டும். பட்டாலை என்னும் கூடத்தில் மின்விசிறிகள் மாட்ட வேண்டும். குளியலறையில் கீசர் வைக்க வேண்டும். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் இறுகிப்போன ஒரு கதவைச் சரிசெய்ய வேண்டும். முகப்புச் சுவரில் உப்புப் பூத்து உதிரும் பூச்சையும் பார்க்க வேண்டும். புதுவயலைச் சேர்ந்த ஒருவர் அனைத்தையும் தாமே நாள் கூலிக்குச் செய்து தருவதாகச் சொல்கிறார். பெங்களூரில் இருந்துகொண்டு ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆள் பிடிக்க என்னால் இயலாது. அவரிடமே ஒப்படைக்கலாமா?

பள்ளத்தூர் ஆச்சி:
தாராளமாக ஒப்படையுங்கள், தம்பி. தச்சர், கொத்தனார், மின்பணியாளர், குழாய்க்காரர் என்று நால்வரை அழைத்தால் நால்வரும் ஒரே வாரத்தில் வந்து சேர்வதே அரிது. வந்தாலும் இரண்டு மணி நேர வேலைக்கு ஒரு நாள் கூலி கேட்பார்கள், அன்று வேறு வேலைக்குப் போக முடியாது என்பதால் அப்படிக் கேட்பதில் நியாயமும் இருக்கிறது. அலமாரி விற்ற கம்பெனியின் ஆள் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ சுமார் 90 கிலோமீட்டர் வர வேண்டும். அவர் ஒரு முறை வந்து போய்விட்டால் பிறகு ஒரு கீல் தளர்ந்தாலும் உங்களுக்கு ஆள் கிடையாது. உள்ளூர்க்காரருக்கு உங்கள் வாட்ச்மேனையும் தெரியும், வீட்டின் சாவி எங்கே இருக்கும் என்பதும் தெரியும். பூட்டிய வீட்டுக்கு அந்தப் பழக்கம் பெரிய பாதுகாப்பு.

செக்காலைப் பொறியாளர்:
ஆச்சி சொல்லும் பழக்கத்தின் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் இருக்கும் ஐந்து வேலைகளும் ஒரே தன்மையுடையவை அல்ல.

அலமாரியில் தொடங்குகிறேன். அதைக் கோப்பதற்கு வேண்டியது ஆலன் சாவி எனும் அறுகோணச் சாவியும் பொறுமையும்தான், எவரும் செய்யலாம். பின்பலகையை அடிப்பதற்கு முன் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து, இரண்டு அளவும் ஒத்திருக்கிறதா என்று பார்த்தால் போதும், கதவுகள் நேராக நிற்கும். அதன் பிறகுதான் தொல்லை. உயரமான அலமாரி முன்னால் சாயாதிருக்க அதைச் சுவரோடு பிணைக்க வேண்டும், நம் வீட்டுச் சுவரோ சிமெண்டுச் சுவர் அன்று. செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கி, மேலே பல அடுக்காகச் சுண்ணாம்பு பூசி, கடைசி அடுக்கை முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துப் பளிங்குபோல் தேய்த்த சுவர் அது. சிமெண்டுச் சுவரில் பழகிய கை, டிரில்லைச் சம்மட்டி முறையில் வைத்து அழுத்தினால், துளையைச் சுற்றிப் பூச்சு தட்டையாகப் பெயர்ந்து விழும். இணைப்புக் காரையில் துளை விழுந்துவிட்டால் திருகுக்காகச் செருகும் பிளக் பிடிக்கவும் பிடிக்காது. அந்தப் பளபளப்பை மீண்டும் கொண்டுவரத் தெரிந்தவர்கள் இப்போது மிகச் சிலரே.

முகப்பில் உதிரும் பூச்சு இன்னும் மோசமான விஷயம். 'எல்லாம் செய்வேன்' என்பவர் பெரும்பாலும் ஒரு சட்டி சிமெண்டைக் குழைத்து அப்பிவிடுவார். சிமெண்டு ஈரத்தை வெளியே விடாது. ஆகவே உள்ளே இருக்கும் ஈரமும் உப்பும் ஒட்டுப்போட்ட இடத்தின் ஓரமாக வெளியேறி, அதுவரை நன்றாக இருந்த பழைய பூச்சையும் தள்ளிவிடும்.

தேவகோட்டை வயர்மேன்:
கீசரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். ஆகவே 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டக்கூடாது, 16 ஆம்பியர் பாயிண்டும் அதற்குத் தனி வயரும் வேண்டும். பழைய வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் ஓடும் வயரிங்கில் எர்த் இல்லாத இடங்கள் பல உண்டு. எர்த் இழுத்து, மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தாமல் கீசரைப் போடுவது உயிரோடு விளையாடுவது. உரிமம் உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

பள்ளத்தூர் ஆச்சி:
மின்சாரத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் பொறியாளர் ஐயா சுவரைப் பற்றிச் சொல்வது உள்ளூர் ஆளுக்குத் தெரியாதது என்று எப்படி முடிவு கட்டுகிறார்? இந்த ஊரிலேயே பிறந்து, இந்த வீடுகளிலேயே கொத்தனார் கையாளாக நின்று வளர்ந்தவருக்குச் சுண்ணாம்பு தெரியாமலா போகும்? நான் பார்த்தவரையில், எங்கள் பக்கத்து வீட்டு வளவு முற்றத்தில் ஆத்தங்குடித் தரைக் கல்லின் மேல் ஆசிட் ஊற்றித் தேய்த்து நிறத்தைக் கெடுத்தவர்கள் நகரத்திலிருந்து வந்த துப்புரவுக் கம்பெனிக்காரர்கள்தாம். அவர்களிடம் சீருடை இருந்தது, ரசீது இருந்தது. அது சிமெண்டில் வார்த்த கல், அமிலம் அதைத் தின்றுவிடும் என்ற அறிவு மட்டும்தான் இல்லை.

கோட்டையூர்க் கைவேலைக்காரர்:
நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் அந்த வேலையைத்தான் நான் செய்கிறேன்; ஆகையால் என் தரப்பையும் கேளுங்கள்.

கதவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் மரம் ஊறிக் கதவு இறுகும். வீட்டுக்காரர் உடனே இழைக்கச் சொல்வார். அப்போது இழைத்தால் சித்திரை வெயிலில் மரம் சுருங்கி, கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும். பழைய தேக்குக் கதவுகளில் பல, கீலில் அல்லாமல், மேலும் கீழும் நீட்டிய முளையான குடுமியில் சுழல்பவை; குடுமி தேய்ந்து கதவு சற்றுச் சரிந்திருந்தால், கீழே ஒரு சிறு தகடு வைத்துத் தூக்கினாலே ஓட்டம் சீராகிவிடும். இதைச் சொன்னால், 'தகடு வைக்கவா இவ்வளவு கூலி' என்கிறார்கள். இழைப்புளியை ஓட்டிச் சுருளைக் குவித்துக் காட்டினால்தான் வேலை நடந்ததாக நம்புகிறார்கள். நாள் கூலியில் இருக்கும் சிக்கல் இதுதான்.

தெரியாத வேலையை ஏன் ஏற்கிறீர்கள் என்று பொறியாளர் ஐயா கேட்கலாம். 'சுவர் என்னால் ஆகாது' என்று ஒருவர் சொன்னால், அலமாரி வேலையும் அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. 'எல்லாம் முடியும்' என்பவருக்கே வேலை கிடைக்கிறது. அப்படிச் சொல்ல வைப்பது யார்?

செக்காலைப் பொறியாளர்:
நியாயமான கேள்வி. உங்களைப் போல் காரணம் சொல்லக்கூடியவரிடம் கதவைக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. இருப்பினும் புள்ளியின் நிலை வேறு: அவர் பெங்களூரில் இருக்கிறார், வந்திருப்பவர் காரணம் சொல்பவரா, தலையாட்டுபவரா என்று நேரில் பார்த்து அறிய அவருக்கு வழியில்லை. ஆதலால் திருத்தக்கூடிய வேலைகளை ஒரே ஆளிடம் கொடுக்கட்டும். திருத்த முடியாதவற்றை அவரிடம் கொடுக்க வேண்டாம் என்கிறேன். கோணலாக நின்ற அலமாரியைக் கீலில் உள்ள திருகுகளைக் கொண்டு நேராக்கிவிடலாம். பெயர்ந்த முட்டைப் பூச்சை எளிதில் மீட்க இயலாது.

பள்ளத்தூர் ஆச்சி:
நேரில் பார்க்க முடியாதவர் வீடியோவில் பேசிப் பார்க்கட்டுமே. 'அந்தக் கதவை என்ன செய்வீர்கள்' என்று ஒரு கேள்வி கேட்டால் ஆள் தெரிந்துவிடும். இன்னொன்று, தம்பி: உங்கள் உள்ளறை உங்களுடையது, முகப்பு எல்லாப் பங்காளிகளுக்கும் பொது. சிமெண்டோ சுண்ணாம்போ, மற்றப் புள்ளிகளைக் கேட்காமல் அங்கே கரண்டி வைத்தால், மணிவிழாப் பந்தியில் சோற்றுக்கு முன் பஞ்சாயத்துத்தான் பரிமாறப்படும்.

கண்டனூர்ப் புள்ளி:
புதுவயல்காரரிடம் நேற்று இரவு பேசினேன். கதவைப் பற்றிக் கேட்டதற்கு, 'முதலில் குடுமியைப் பார்க்க வேண்டும்' என்றார். முகப்பைப் பற்றிக் கேட்டதற்கு, 'ஒரே நாளில் பூசிவிடலாம்' என்றார். ஆகவே அலமாரிகளும் கதவும் அவருக்கு, நாள் கணக்காக அல்லாமல் வேலைக்கு இவ்வளவு என்று பேசி. பாதியை வேலை தொடங்கும்போதும் மீதியை வாட்ச்மேன் படம் அனுப்பிய பிறகும் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். அலமாரியைச் சுவரில் துளையிடாமல், பக்கத்தில் இருக்கும் தேக்கு நிலையோடு பட்டை வைத்துப் பிணைக்கலாம் என்று அவரே சொன்னார். மின்விசிறிகளையும் கீசரையும் உரிமம் உள்ளவர் பார்ப்பார்.

செக்காலைப் பொறியாளர்:
நிலையில் செதுக்கு வேலை இருந்தால் திருகு அதில் இறங்கக்கூடாது. உள்பக்கத்து வெறும் கட்டையில் போடச் சொல்லுங்கள். முகப்புச் சுவரை வைகாசி வரை தொட வேண்டாம். மேலே ஓடு எங்காவது விலகி, மழைத் தண்ணீர் சுவருக்குள் இறங்குகிறதா என்பதை முதலில் ஓர் ஆளை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீர் நிற்காமல் எவர் பூசினாலும் பூச்சு நிற்காது.